மின்நூல் யாருக்குச் சொந்தம்?

நூலகம் ஓர் அச்சு நூலை விலை கொடுத்து வாங்கினால் அது நூலகத்தின் உடைமையாகிவிடும். பதிப்பகம் மூடப்பட்டாலும், அடுத்த ஆண்டு நிதி குறைந்தாலும் அந்நூல் அடுக்கை விட்டு அகலாது. மின்வளங்களின் இயல்பு வேறு. மின்நூல்கள், மின்னிதழ்கள் பலவற்றை நூலகம் வாங்குவதில்லை. குறிப்பிட்ட காலத்திற்குப் பயன்படுத்தும் உரிமத்தையே பெறுகிறது. சந்தா நின்றால், முன்பு படித்த பழைய இதழ்கள்கூடக் கைவிட்டுப் போகலாம். 2009ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம், பதிப்புரிமைச் சிக்கலைக் காட்டி, ஜார்ஜ் ஆர்வெல் நூல்களின் சில பதிப்புகளை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே நீக்கியது. விலை கொடுத்தவர் கையிலிருந்த நூலே மறைந்தது!

ஆகவே, மின்வளங்களைத் தேர்ந்தெடுப்பதற்கான கொள்கையை ஒவ்வொரு நூலகமும் எழுத்து வடிவில் வகுத்து, வாசகர் அறிய வெளியிட வேண்டும் என்பது என் கருத்து.

அக்கொள்கை சில வினாக்களுக்கு விடை கூற வேண்டும். சந்தா முடிந்த பின்னும், பணம் செலுத்திய காலத்து இதழ்களைப் படிக்க இயலுமா? தேவையான சில இதழ்களுக்காக, எவரும் படிக்காத பலவற்றையும் தொகுப்பாக வாங்க நேர்கிறதா? பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அந்நூலைப் படித்துக் காட்டுமா? யார் எதைப் படித்தார் என்னும் செய்தி பிறர் கைக்குச் செல்லாதிருக்குமா? தமிழ் நூல்களுக்கு மேலும் ஒரு வினா உண்டு: எழுத்துகள் ஒருங்குறியில் உள்ளனவா? பக்கங்களின் படமாக மட்டுமே உள்ள நூலில் ஒரு சொல்லையும் தேட இயலாது.

‘இணையத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கையில் கொள்கை எதற்கு?’ என வினவுவோர் உளர். இலவசமாகக் கிடைப்பதையும் எவரோ தேடி, ஒளிவருடி, பேணிக் காக்கின்றனர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஈடுசெய்ய இயலாத ஓலைச்சுவடிகளும் அரிய நூல்களும் சாம்பலாயின. இன்று ஈழத்து நூல்களை மின்வடிவில் திரட்டிக் காக்கும் நூலக நிறுவனத்தின் பணி, படி எடுத்து வைப்பதன் அருமையை உணர்த்துகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் அவ்வழியில் தொண்டாற்றுகிறது. இத்தகைய திறந்த வளங்களைத் தம் பட்டியலில் சேர்ப்பதும் நூலகங்களின் கடமையே.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தும் வாசகரையே மையமாகக் கொண்டவை. நூலின் வடிவம் மாறலாம். அந்த மையம் மாறலாகாது. இன்றைய வாசகருக்கு எளிதில் கிடைப்பதோடு, நாளைய வாசகருக்கும் எஞ்சியிருப்பதே நூலகச் செல்வம்.