விழாவும் வியாபாரியும்

விழா என்றவுடன் மேளமும் மேடையும் நம் நினைவுக்கு வருகின்றன. வீதியோரத்திற் சாக்கை விரித்து அமர்ந்திருக்கும் சிறு வியாபாரி வருவதில்லை. ஆயினும் கலையை நம் வீட்டிற்குள் கொண்டுவந்து சேர்ப்பவர் அவரே.

1966 ஏப்ரலிற் செனகல் நாட்டின் தக்கார் நகரிற் கறுப்பின மக்களின் முதலாவது உலகக் கலைவிழா நடைபெற்றது. முன்னின்று நடத்தியவர் கவிஞராகவும் விளங்கிய ஜனாதிபதி செங்கோர். ஆடலும் பாடலும் சிற்பமும் அங்கே உலகின் மதிப்பைப் பெற்றன. 1988 இல் வாகடூகு நகரில் தொடங்கி, ஈராண்டுக்கு ஒருமுறை கூடுவதென அமைந்த கைப்பணிச் சந்தையோ கைவினைஞருக்கென்றே ஏற்பட்டது. நெய்தவரும் வார்த்தவரும் தம் பொருளைத் தாமே விற்பதற்கு அஃது இடமளித்தது.

ஆப்பிரிக்கா நமக்கு அந்நியமான பெயரன்று. நம் கீரிக்கு அண்மையிலுள்ள பள்ளிமுனையில், 19 மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவுடன் பெருக்கமரம் நிற்கின்றது. அராபிய வணிகர் கொணர்ந்த ஆப்பிரிக்க மரம் அஃது என்பர். அதனைக் காண வருவோர் பலர். தெற்கே, புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களை அறிந்தோர் நம்முள் எத்தனை பேர்? அந்நியர் ஆட்சியில் அடிமைகளாகவும் படைவீரராகவும் கொண்டுவரப்பட்டோரின் சந்ததியார் அவர்கள். முன்னோர் பேசிய போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இளையோரிடம் அருகிவிட்டது. எஞ்சியிருப்பது மஞ்சா என்னும் பாட்டு. றபானும் சிரட்டையும் கரண்டியும் போத்தலுமே அதன் வாத்தியங்கள். பொருள் முற்றும் விளங்காத சொற்களையும் இளையோர் பாடிக் காத்து வருகின்றனர்.

பாட்டைக் கேட்டுக் கைதட்டுவது எளிது. கைதட்டலால் உலை கொதிப்பதில்லை.

இனி நம் விழாக்களை நோக்குவோம். திருக்கேதீச்சரத்திற் சிவராத்திரியன்று அடியார் நான்கு சாமமும் விழித்திருக்கின்றனர். கடை விரித்தவரும் விழித்தே இருக்கின்றார். மடுத் திருவிழாவிலும் இதே காட்சிதான். அங்கே ஓர் ஓலைப்பெட்டியை எடுத்து, பாதி விலைக்குக் கேட்கின்றோம். பேரம் சந்தையின் வழக்கம் என்பது உண்மையே. ஆனால் சார்வோலையை வெட்டுவித்து, உலர்த்தி, வார்ந்து, சாயமிட்டு, இழைத்த நாட்களை நாம் கணக்கில் எடுப்பதில்லை. தாயின் உழைப்பு பாதி விலைக்குப் போவதைப் பார்த்திருக்கும் மகள், அத்தொழிலைக் கற்க முன்வருவாளா? சிரம்பியடியில் ஒரு மொழி அருகியதுபோல், நம் கண்முன்னே ஒரு கைவேலையும் அருகிப்போகும். அப்போது அதற்கும் ஒரு மேடை அமைத்து நாம் கைதட்டக்கூடும்.

மாணவர்களே, அடுத்த திருவிழாவில் ஓலைப்பெட்டி விற்கும் அம்மாவிடம், அதனை இழைக்க எத்தனை நாட்கள் சென்றன என்று கேளுங்கள். விடையைக் கேட்டபின், வீட்டுப் பெரியோரிடம் சொல்லி, அவர் கேட்ட விலையையே கொடுத்து வாங்குங்கள்.