இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே

தமிழக-கேரள எல்லையிலுள்ள புளியறையில் சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் பஸ் ஏறியாக வேண்டும். பெரும்பாலும் தென்காசிக்கு, மலைக்கு அந்தப் பக்கம் வேலையோ சொந்தமோ இருந்தால் புனலூருக்கு. நான்கு மணி நேரம் அவருடைய ரத்தம் உடம்புக்கு வெளியே குழாயில் ஓடுகிறது. அதே கட்டிலில் அவருக்கு முன்பு ஒருவர், பின்பு ஒருவர். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளுக்கு அந்த இடைவெளி போதும்.

பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் தாக்குப்பிடிக்கும். கையுறையை மாற்றாமல் அடுத்தவரின் மிஷினைத் தொடுவது, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெபாரினை ஒரே குப்பியிலிருந்து பலருக்கும் எடுப்பது, கட்டிலைத் துடைக்காமல் அடுத்தவரைப் படுக்கவைப்பது என்று பல நாட்டு விசாரணைகளும் சுட்டிய காரணங்கள் எளிமையானவை. 1969-70இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ மருத்துவமனையில் பி தொற்று பரவியபோது நோயாளிகளோடு ஊழியர்களும் இறந்தார்கள். அதன்பிறகுதான், 1972இல், பிரிட்டனில் ரோசன்ஹைம் குழு டயாலிசிஸ் பிரிவுகளுக்குக் கறாரான விதிகளை வகுத்தது.

இன்று வழி இருக்கிறது. சி தொற்றைப் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் முற்றிலும் குணப்படுத்தலாம். 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அந்த மாத்திரை இலவசம். பி-க்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் டயாலிசிஸ் நோயாளிக்கு இரட்டை அளவு மருந்து தேவை. உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவானதா என்று பிறகு ரத்தத்தில் பார்க்கவும் வேண்டும். மூச்சுத் திணறலோடு அவசரமாக வந்து டயாலிசிஸ் தொடங்குகிறவருக்கு இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்? தொற்று வந்தாலும் அதன் அசதியைக் கிட்னிக் கோளாறு என்றே எண்ணிக்கொள்கிறார். கண் மஞ்சளித்தால் வீட்டார் கீழாநெல்லி தேடுகிறார்கள். பலருக்கு மஞ்சளிப்பதே இல்லை.

இன்னொரு கொடுமை, 'பாசிட்டிவ்' என்றதும் ஊர் அவருடைய நடத்தையைச் சந்தேகிப்பது. சிகிச்சைக்குப் போன இடத்தில் வந்த தொற்றுக்கு நோயாளி ஏன் தலைகுனிய வேண்டும்?

நர்ஸ்களையும் டெக்னீஷியன்களையும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. ஆள் குறைவாக இருந்து, வெளியே அடுத்த ஷிஃப்ட் காத்திருந்தால் எந்தக் கையும் அவசரப்படும். சுத்தம் செய்யும் நேரத்தை ஷிஃப்ட் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். அரசு மருத்துவமனையோ, காப்பீட்டில் இயங்கும் தனியார் மையமோ, தணிக்கையில் இதைப் பார்த்த பிறகே பணம் போக வேண்டும். வேறு மையத்தில் டயாலிசிஸ் செய்து திரும்புகிறவருக்கு மறுபடி ரத்தப் பரிசோதனை கட்டாயம். முடிவைத் தமிழில் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள். தென்காசியோ புனலூரோ, அடுத்த மையத்தில் அவர் அதைக் காட்டட்டும்.