வண்டி ஏறும் வீடு

என் சித்தி மகன் திருச்சுழி ரோட்டில் நாலு சென்ட் மனை வாங்கிப் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. இந்தத் தை பிறந்ததும் வானம் தோண்டிவிட்டான். பார்க்கப் போயிருந்தேன். மேலே ஆளுயரத்துக்குக் கரிசல், அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான். கரிசலில் வீடு கட்டுவது லேசான வேலையில்லை. மழை பெய்தால் மண் ஊதும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதனால் ஆழத் தோண்டி, கருமண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, கிராவல் நிரப்பி, பேஸ்மட்டத்தைத் தூக்கிக் கட்டுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

“ரெண்டரை அடி தூக்கிருவோம், அஞ்சு படி. ஒத்தப்படையா வந்துரும்” என்றார் கொத்தனார். “ரோடு போடப் போட ஒசந்துக்கிட்டே வரும்ல?”

அவர் சொல்வது நியாயம்தான். பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டு, வீடுகள் பள்ளத்தில் கிடக்கிற தெருக்கள் எத்தனையோ. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். ஆனாலும் வீடு கட்டுகிறவனுக்கு அந்தப் பயம் போகவில்லை. மண்ணுக்குப் பயந்து ஒரு அடி, ரோட்டுக்குப் பயந்து ஒன்றரை அடி என்று வாசல் மேலே போய்க்கொண்டே இருக்கிறது.

எனக்கு அப்போது பெரியம்மாவின் ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பின்வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து வீல்சேர்தான். அவள் வீட்டுக்கும் ஐந்து படி. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் தெருவில் நாலு ஆம்பளைகளைக் கூப்பிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்க வேண்டும். பேத்தி சடங்குக்குக்கூட வரவில்லை. “எனக்காக நாலு பேரத் தேடி அலையணுமாடா?” என்றாள். குளியலறைக் கதவில் வீல்சேர் நுழையாது என்பதால் ஆள் பிடித்துத்தான் உள்ளே போக வேண்டும். அதற்காகச் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே அவள் நிறுத்திவிட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் வெயிலில், எழுபது தாண்டியவள்.

அந்த ஐந்து படிக்குப் பக்கத்திலேயே சிமெண்டில் ஒரு சறுக்கு இருக்கிறது. ராத்திரி பைக்கை உள்ளே ஏற்றுவதற்கு. அப்படியொரு சறுக்கு இல்லாத வீடு இப்போது எங்கள் ஊரில் குறைவு. வண்டி தெருவில் நிற்கக் கூடாது என்று வீடு கட்டும்போதே நினைத்தோம். மனுஷி ஒருத்தி உள்ளேயே கிடந்துபோவாள் என்று யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட.

அந்தச் சறுக்கிலேயே வீல்சேரை ஏற்றலாமே என்று தோன்றும். முடியாது. ரெண்டரை அடி உயரத்தை ஐந்தடி நீளத்தில் ஏறுகிற சறுக்கு அது. இன்ஜின் இழுக்கும், கை தள்ளாது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்குப் பொதுவாகச் சொல்கிற கணக்கு. ரெண்டரை அடிக்கு முப்பது அடி. கட்டி முடித்த வீட்டில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? வானம் தோண்டுகிற நாளில் கேட்டால் இடம் கிடைக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 44-ஆம் பிரிவில், அணுகல் விதிப்படி வரைபடம் இல்லையென்றால் எந்த நிறுவனத்துக்கும் கட்டட அனுமதி தரக் கூடாது என்கிறது. அந்த விதியோ பரிந்துரையாகவே கிடந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று, அப்படி வைத்திருப்பது சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு 3 மாதம் கெடு கொடுத்தது. ஆனால் ‘நிறுவனம்’ என்ற அந்த ஒரு சொல்லில் என் தம்பி வரமாட்டான். தன் மனையில் தன் காசில் கட்டுகிறவனை இந்தப் பிரிவு தொடவில்லை. தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்தாலே இணையத்தில் உடனடி அனுமதி. அலைச்சல் மிச்சம், நல்லதுதான். அந்தப் படிவத்தோடு வாசல், கதவு, கழிவறை அளவுகளைப் படம் போட்டு ஒரு தாள் கொடுத்தால் அரசுக்கு என்ன செலவாகும்?

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் எலினார் ஸ்மித் என்ற பெண்மணி, சின்ன வயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர், 1987-இல் ஒரு இயக்கம் தொடங்கினார். அவர் கேட்டது மாற்றுத்திறனாளி வாழும் வீட்டுக்கு மட்டுமல்ல, புதிதாகக் கட்டும் எல்லா வீட்டுக்கும். படியில்லாத ஒரு வாசல், வீல்சேர் நுழையும் கதவுகள், கீழ்த்தளத்தில் ஒரு கழிவறை. விருந்தாளியாகவாவது போய்வர வேண்டும் அல்லவா? இங்கிலாந்தில் 1999-லிருந்து புது வீடுகளுக்குக் கட்டட விதியே ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது.

எங்கள் சீமைக்கு இது தூரத்து விஷயமே இல்லை. குழித்தறியில் நாற்பது வருஷம் மிதித்த கால்கள் அருப்புக்கோட்டைத் தெருக்களில் எத்தனை! பனையிலிருந்து விழுந்து முதுகு போனவர்கள், பட்டாசு ஆலையில் அடிபட்டவர்கள், மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் வண்டியோடு விழுந்தவர்கள். வீட்டுத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத ஒதுக்கீடு என்று அதே 2016 சட்டம் சொல்கிறது. ஆனால் கால் போவது சாவி வாங்கிய பிறகும் நடக்கும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2024–25-க்கு மட்டும் ஒரு லட்சம் வீடுகள் அறிவித்தார்கள், ஒவ்வொன்றும் 360 சதுர அடி. அத்தனை வரைபடத்திலும் மூன்றடிக் கதவும் ஒரு சாய்தளமும் இருந்தே ஆக வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருப்பவருக்கு மட்டும் என்றால் போதாது.

அன்று மனையில் டேப்பை எடுத்து அளந்தோம். வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் முப்பத்திரண்டு அடி கிடைத்தது. “நாலடி அகலம் விட்டு, சுவரை ஒட்டியே ஓட்டிரலாம். ஒன்றரை யூனிட் கிராவல் கூட ஆகும்” என்று கொத்தனார் காலாலேயே கணக்குப் போட்டார். தலைவாசலுக்கு மூன்றரை அடி அகலத்தில் வேம்பு நிலை சொல்லியிருந்தான் தம்பி. குளியலறைக்கு ரெண்டரை அடி. ரெண்டரை அடியில் வீல்சேர் நுழைந்தால் சக்கரத்தைத் தள்ளுகிற கை இடிபடும். அங்கேயே ஆசாரிக்குப் போன் போட்டான். “அண்ணே, அந்தப் பாத்ரூம் நிலை அறுத்துட்டீங்களா? மூணடி வேணும்.” இன்னும் அறுக்கவில்லை.

ராத்திரி பெரியம்மாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். சாய்தளத்தின் நீளத்தை ரெண்டு தடவை கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“அப்ப பால் காய்ச்சுறதுக்கு நான் வரலாமாடா?”