நம் ரத்தமும் நம் கணக்கும்

1984 முதல் தொண்ணூறுக்கு மேற்பட்ட தேசங்களில் குடும்ப சுகாதாரக் கணக்கெடுப்பை நடத்தி வந்த திட்டத்தை, அதற்குப் பணம் கொடுத்து வந்த அமெரிக்க சர்க்காரே 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. நமது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 1992-93 முதல் 2019-21 வரை நடந்த ஐந்து சுற்றுகளிலும் அன்னிய நிதியும் அன்னிய நிபுணர்களின் யோசனையும் கலந்திருந்தன. நம் தாய்மாரைப் பற்றிய விவரங்களைப் பெற நம் ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க வலைத்தளம் ஒன்றில் விண்ணப்பித்து வந்தனர். திட்டம் நின்றதும் புதிய விண்ணப்பங்களும் சில காலம் நின்றன. சுதந்திர தேசத்துக்கு இது பெருமை தருவதன்று. ஆயினும், அன்னியர் விலகினர் என்று மகிழ்வதற்கு முன், அவர்களோடு சேர்ந்து நாம் கற்ற கண்டிப்பும் விலகிவிடுமோ என்பதை யோசிக்க வேண்டும்.

அக்கண்டிப்பு எத்தகையது? ஐந்தாம் சுற்றில் 707 ஜில்லாக்களில் 6,36,699 குடும்பங்களை விசாரித்தனர். சராசரி பார்த்தால் ஜில்லாவுக்குச் சுமார் தொள்ளாயிரம் வீடுகள். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி 18,70,374 பேர் வாழ்ந்த நமது கன்னியாகுமரி ஜில்லாவின் நிலையை அத்தனை சிறிய தொகையிலிருந்தே ஊகிக்கின்றனர். பத்து வீட்டில் பிழை புகுந்தாலும் ஜில்லாவின் எண்ணே சாயும். ஆகையால் சீட்டில் விழுந்த வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டில் எழுதிக்கொண்டு போகக் கூடாது. திரும்பத் திரும்ப வர வேண்டும் என்பது விதி. விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகிறவர், வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்கும் தூத்தூர்க் கரையோர மீனவர் ஆகியோரை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இவ்விதியின் நியாயம் விளங்கும். பகலில் வீட்டில் இருப்பவரை மட்டும் எழுதினால் நாஞ்சில் நாட்டின் பாதி விடுபட்டுப் போகும்.

கணக்கெடுப்பவர் செய்யும் தந்திரங்களும் உண்டு. பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களையே நீண்ட வினாப் பட்டியல் கொண்டு விசாரிக்க வேண்டும். அலுத்துப்போன ஊழியர் நாற்பத்தெட்டு வயதுக்காரியை ஐம்பது என்று எழுதிவிட்டால் ஒரு மணி நேரம் மிச்சம்! ஐந்து வயது நிரம்பாத குழந்தையை ஆறு வயதாக்கினாலும் அப்படியே. இக்குறும்பு எல்லாத் தேசங்களிலும் கண்டறியப்பட்டதுதான். எந்தக் குழுவின் தாள்களில் ஐம்பது வயதுக்காரிகள் திடீரென்று பெருகுகிறார்கள் என்று வேலை நடக்கும்போதே அட்டவணை போட்டுப் பிடிப்பதே இதற்கு மருந்து. பாஷையும் அவ்வாறே. வினாக்களைப் பெயர்த்து, மீண்டும் மூலபாஷைக்குத் திருப்பிப் பொருள் மாறவில்லையா என்று பார்க்க வேண்டும். விளவங்கோட்டில் மலையாளம் பேசும் தாயிடமும் தோவாளையில் தமிழ் பேசும் தாயிடமும் ஒரே கேள்வி ஒரே பொருளில் சென்று சேராவிட்டால் பதில்களைக் கூட்டிப் பயன் யாது?

இப்போது ரத்தசோகை விஷயத்துக்கு வருவோம். 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் ரத்தசோகை உடையோர் நூற்றுக்கு 53.1 என்று 2015-16-ல் கண்டது 2019-21-ல் 57.0 ஆயிற்று. குழந்தைகளிடம் 58.6 என்பது 67.1 ஆயிற்று. பிறகு 2023-24-ல் நடந்த ஆறாம் சுற்றில் இச்சோதனையையே நீக்கிவிட்டார்கள். விரல் நுனியைக் குத்தி எடுக்கும் துளியில் திசு நீர் கலந்து அளவு பிசகக்கூடும், நரம்பிலிருந்து எடுக்கும் ரத்தமே நம்பத்தக்கது என்பது காரணம். அதன்படி ஹைதராபாத் தேசிய போஷாக்கு ஸ்தாபனம் வேறு கணக்கெடுப்பை ஏற்றது. வாதத்தில் சாரம் இல்லாமல் இல்லை. ஆனால் முன்னிரு சுற்றுகளிலும் ஊசி குத்தியது விரலில்தானே? இரண்டிலும் ஒரே பிசகு இருந்திருந்தால், அளவு தவறாகலாமேயொழிய, ஏற்றத்துக்கு அதுவே காரணமென்று சொல்லிவிட முடியாது. விஞ்ஞான மார்க்கம் ஒன்றே: ஒரே கிராமத்தில், ஒரே பெண்களிடம், இரு முறையிலும் ரத்தம் எடுத்து, வித்தியாசம் எவ்வளவு என்று பிரசுரித்து, பழைய எண்களை அதற்கேற்பத் திருத்த வேண்டும். எண் கசந்தபோது கருவியைப் பழித்தார்கள் என்ற சந்தேகத்துக்கு இடமளித்தது சர்க்காரின் தவறு. அக்கணக்கெடுப்பை நடத்தும் மும்பை ஸ்தாபனத்தின் டைரக்டரை 2023-ல் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கியபோது, நியமன முறைகேடுகளே காரணம் என்று சர்க்கார் சொல்லியும் தேசத்தில் பலர் நம்ப மறுத்தது இதனால்தான்.

விடுபட்டோரின் கதை தமிழருக்குப் புதிதன்று. இலங்கையில் 1987-லும் 1993-லும் எடுத்த இதே வகைக் கணக்குகளில் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் சேரவில்லை. யுத்தம் நடந்தது மெய்யே. எனினும் யாழ்ப்பாணத்துத் தாயும் மட்டக்களப்புக் குழந்தையும் இல்லாத எண்கள் உலகச் சபைகளில் 'இலங்கை' என்ற பெயரிலேயே உலாவின. 2006-07-லும் வட மாகாணம் விடுபட்டது. 25 மாவட்டங்களும் சேர்ந்தது 2016-ல்தான்.

ஜில்லா தோறும் தனித் தனி எண் கிடைத்தது 2015-16-ல் நான்காம் சுற்றிலிருந்துதான். அதற்கு முன் இக்கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரியே நமக்கும் சராசரி. ரத்தசோகைக்கும் ஜில்லா வாரியாக எண் தராத எந்த ஏற்பாடும் நமக்குப் போதாது. இனி இக்கணக்கை முழுவதும் நம் வரிப்பணத்திலேயே நடத்துவது முறை. பெயர்களை நீக்கிய மூல விவரங்களை யார் கேட்டாலும் இந்திய மண்ணிலேயே தர வேண்டும். களத்தில் பிடிபட்ட பிழைகளின் அட்டவணையை அறிக்கையோடு அச்சிட வேண்டும். ஊழியருக்கு வீட்டு எண்ணிக்கைக்குக் கூலி என்றில்லாமல் மாதச் சம்பளம் தர வேண்டும். ஜில்லா அறிக்கை தமிழிலும் வெளிவர வேண்டும். சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் உள்ள நம் ஜில்லாப் பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்திலேயே இவற்றைக் கேட்க வேண்டுமென்று நாம் கோருகிறோம்.