படுத்துவிட்ட முள்

என் பழைய அம்பாஸிடரின் வேகமானி முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. கேபிள் அறுந்துவிட்டது என்றேன். "கிடக்கட்டும் ஸார்! கிலோமீட்டர் ஏறாது. விற்கும்போது நல்ல விலை வரும்" என்றார், நெய்வேலியில் எங்கள் வட்டத்து நண்பர் ஒருவர். இதற்குப் பெயர் சாமர்த்தியமாம்!

கியர் பாக்ஸிலிருந்து மீட்டர்வரை உறைக்குள் சுழலும் முறுக்குக் கம்பி அது. வேகத்தைக் காட்டுவதும் ஓடிய தூரத்தை எண்ணுவதும் அந்த ஒரே கம்பிதான். பழையதை உருவிவிட்டு, புதுக் கம்பிக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி, இரு முனைகளையும் பொருத்தி முடுக்கினால் தீர்ந்தது. உறை எங்கேனும் ஒடிந்து வளைந்திருந்தால் மட்டும் புதுக் கம்பியும் அறும். அதைப் பாராமல் கம்பியை மட்டும் மாற்றுவது வீண் வேலை.

இந்த அற்ப வேலைக்கா சோம்பல்? இல்லை, இது கணக்கு. அந்த எண்ணை நம்பி மனைவியின் நகையை அடகு வைத்து வண்டி வாங்குகிறவன் ஒருவன் இருக்கிறானே, அவன் தலையில் கட்டும் கணக்கு! 1957-இல் வெட்டத் தொடங்கி, 1961-இல்தான் நிலக்கரியைக் கண்ட ஊர் இது. ஆழத்தை அளந்து அளந்து இறங்கியவர்கள் நடுவிலா இந்தப் பொய்யளவை?

கேபிளை மாற்றிவிட்டேன். முள் எழுந்துவிட்டது. அது படுத்திருந்த நாட்களில் ஓடிய தூரத்தை உத்தேசமாக ஒரு தாளில் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறேன். நண்பருக்கு என்மேல் வருத்தம்தான்.