எண்ண வேண்டியது வண்டியையா, மனிதரையா?

2022ஆம் ஆண்டின் யூன், யூலை மாதங்களை இந்நாட்டு மக்கள் எளிதில் மறந்துவிடார். பெற்றோல் நிலையங்களின் முன்னே மைற்கணக்கில் வண்டிகள் நின்றன. வரிசையிலேயே மக்கள் உண்டனர்; வரிசையிலேயே உறங்கினர். யூன் 28ஆந் திகதி முதல் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் கையை விரித்தது. அதன் பின்னரே கியூ.ஆர். முறையிலான வாராந்தப் பங்கீடு வந்தது. அம்முறை வரிசைகளைக் குறைத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. 2023 செப்டெம்பரில் அது நீக்கப்பட்டபோது, ஒரு பெருந்துன்பம் தீர்ந்தது என்று மூச்சுவிட்டோம்.

ஆயினும் அந்தப் பங்கீட்டின் முதல் அட்டவணையை இன்று ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நன்று. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20, பஸ் வண்டிக்கு 40. ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் வண்டிக்குக் கிடைத்தது, ஒருவரோ இருவரோ செல்லும் காருக்குக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்கே! சேவையில் ஓடிய பஸ்களுக்குப் போக்குவரத்துச் சபையின் டிப்போக்களிலிருந்து வேறாக டீசல் கொடுக்க நேர்ந்தது என்பது உண்மை. ஆனால் அட்டவணையை வகுத்தவர்களின் மனத்திலே எது இருந்தது என்பதை அந்த எண்களே காட்டிக்கொடுக்கின்றன. அவர்கள் வண்டிகளை எண்ணினார்கள். வண்டிக்குள் இருந்த மனிதரை எண்ணவில்லை.

போக்குவரத்தை ஆராய்கின்ற அறிஞர்கள் இதற்கு நேர்மாறான அளவுகோல் ஒன்றை நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள். ஒரு லீற்றர் எரிபொருளைக் கொண்டு எத்தனை பேரை எத்தனை கிலோமீற்றர் கொண்டு செல்லலாம் என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. கமக்காரரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. ஒரு பஸ் வண்டி லீற்றருக்கு மூன்றரைக் கிலோமீற்றர் ஓடுவதாகக் கொள்வோம். ஐம்பது பேர் இருந்தால் ஒரு லீற்றர் டீசல் 175 கிலோமீற்றர்ப் பிரயாணத்தைத் தருகிறது. லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடும் காரில் ஒருவர் தனியே சென்றால் கிடைப்பது 12 மட்டுமே. இந்த வேற்றுமையை எந்தப் புதிய இயந்திரமும் இலகுவில் நிரப்பிவிடாது.

இக்கணக்கிற்கு மறுபுறமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அதே பஸ்ஸிற் பத்துப் பேர் மட்டும் இருந்தால் 175 என்பது 35 ஆகச் சுருங்கிவிடும். இருவர் ஏறிச் செல்லும் மோட்டார் சைக்கிள் அதனை மிக எளிதில் வென்றுவிடும். ஆகவே பஸ்ஸை ஓடவிட்டாற் போதாது. மக்கள் ஏறத்தக்க நேரத்திலே, ஏறத்தக்க ஒழுங்கிலே ஓடவிட வேண்டும். கிராமத்துச் சந்தியிலே பஸ் எப்போது வருமென்று அறியாது ஒரு மணிநேரம் காத்துநின்றவன், அடுத்த மாதமே கடன்பட்டேனும் மோட்டார் சைக்கிள் வாங்குகிறான். அவனைக் குறைகூற எவருக்கு உரிமை உண்டு? அவன் போய்விட்டதனால் பஸ்ஸில் ஓர் ஆசனம் வெறுமையாகிறது, வருமானம் குறைகிறது, நேரசூசியில் இன்னும் ஒரு பஸ் நிறுத்தப்படுகிறது, இன்னொருவன் மோட்டார் சைக்கிள் வாங்குகிறான்.

நெருக்கடி உள்ள இடத்தில் வீதியை அகலமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்போரும் உளர். அமெரிக்க அறிஞர் அந்தனி டவுன்ஸ் 1962ஆம் ஆண்டிலேயே இதற்குப் பதில் கூறிவிட்டார். பெருநகரின் விரைவு வீதியை எவ்வளவு விரித்தாலும், வேலைக்குச் செல்லும் நேரத்து நெரிசல் அதனை மீண்டும் நிரப்பிவிடும் என்பது அவருடைய முடிபு. 2011இல் டுராண்டன், டேர்னர் என்னும் இருவர் அமெரிக்க நகரங்களின் கணக்குகளை ஆராய்ந்து, நெடுஞ்சாலையின் நீளம் எந்த வீதத்தில் கூடுகிறதோ ஏறத்தாழ அதே வீதத்தில் வண்டிகளின் ஓட்டமும் கூடுகிறது என்று காட்டினர். கொழும்பின் காலிவீதியில் தினமும் காலையிலே நிற்பவருக்கு இதனை நிறுவ அமெரிக்கச் சான்று தேவையில்லை.

ஆராய்ந்து பார்த்து முடிவு செய்யும் வழக்கம் இந்நாட்டுக்குப் புதியதன்று. 1958 சனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றுமுன், 1948இல் இரத்தினம், 1954இல் சான்சோனி, 1956இல் ஜயரத்தின பெரேரா என மூவரின் ஆய்வறிக்கைகள் வெளிவந்தன. சபையிற் குறைகள் பல பின்னர் மலிந்தன. அது வேறு கதை. ஆயினும் பத்தாண்டுகள் எண்ணிப் பார்த்த பின்னரே பெருஞ் செயலொன்றில் இறங்கினார்கள்.

அதனோடு அண்மைக்கால நடைமுறையை ஒப்பிட்டுப் பாருங்கள். யப்பானிய உதவியோடு மேல்மாகாணப் போக்குவரத்தை விரிவாக ஆராய்ந்து 2014இல் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டை வரை ஏறத்தாழ 16 கிலோமீற்றருக்கு மின்சாரத்தில் ஓடும் இலகு ரயிற்பாதை பற்றிய யோசனை அவ்வழியே வளர்ந்தது. 2019 மார்ச்சில் கடனுடன்படிக்கையும் கைச்சாத்தாயிற்று. 2020 செப்டெம்பரில், செலவு மிகுதி என்று கூறி அது கைவிடப்பட்டது. செலவு மிகுதியா அல்லவா என்பது வாதத்துக்குரிய விடயமே. ஆனால் அதற்குப் பதிலாக எந்த வழி எத்தனை பேரை எவ்வளவு எரிபொருளில் மாலபேயிலிருந்து கோட்டைக்குக் கொண்டுவரும் என்ற கணக்கு மக்கள் முன் வைக்கப்பட்டதா? இரண்டு ஆண்டுகளுக்குள் அதே வழியில் பெற்றோல் வரிசைகள் நின்றன.

புகையிரதத்தை மின்சாரத்தில் ஓட்டலாம் என்று விமலசுரேந்திர 1928இலேயே யோசனை கூறினார். ஒரு நூற்றாண்டு நெருங்குகிறது. எமது இரயில்கள் இன்றும் டீசலிலேயே ஓடுகின்றன. இதற்கு மேல் இதைப்பற்றி எழுத மனம் வரவில்லை.

கொழும்பின் நெரிசல் எமக்கென்ன என்று வடக்கிலுள்ள கமக்காரர் நினைத்தல் ஆகாது. இந்நாட்டிலே எண்ணெய்க் கிணறு இல்லை. ஒவ்வொரு துளியும் வெளிநாட்டு நாணயம் கொடுத்து வாங்கப்படுவது. தலைநகரில் நின்ற இடத்திலேயே எரியும் பெற்றோலும், வெங்காயத் தோட்டத்துக்கு நீரிறைக்கும் மண்ணெண்ணெயும் ஒரே பணப்பையிலிருந்து வருகின்றன. பணப்பை வறண்டபோது என்ன நடந்தது? 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறிற்று. நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் மீனவரின் வள்ளத்துக்கும் வேறு வழி இருக்கவில்லை.

விளைந்த பொருளை அனுப்புவதிலும் இதே கதைதான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 1905இல் முழுமையடைந்த வடபகுதிப் புகையிரதப் பாதை 1990 யூனில் போரினால் துண்டிக்கப்பட்டது. 2014 ஒக்டோபரில் இரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 சனவரியில் காங்கேசன்துறையை அடைந்தது. பயணிகள் மகிழ்ந்தனர். பொருட்களோ பெரும்பாலும் லொறியிலேயே செல்கின்றன. உருக்குத் தண்டவாளத்தில் உருளும் உருக்குச் சில்லுக்கு ஏற்படும் தடை, தார் வீதியில் உருளும் இறப்பர்ச் சில்லுக்கு ஏற்படுவதில் ஐந்திலொரு பங்கோ அதனினுங் குறைவோதான். நெல், உரம், சீமெந்து போன்ற கனத்த பொருட்களுக்கு இதைவிட மலிவான வழி தரையில் இல்லை. கத்தரிக்காயையும் கீரையையும் அவ்வாறு அனுப்பலாமென்று நாம் சொல்லவில்லை. அவை நிலையத்தில் ஒரு நாள் காத்துக்கிடக்கமாட்டா. எதை இரயிலில் ஏற்றுவது, எதை லொறிக்கு விடுவது என்பதே ஆராயப்பட வேண்டியது.

மரக்கறி வழியிலே நசுங்கி அழிகிறது என்பது ஆய்வாளர் பலகாலமாகக் கூறிவருவது. சாக்கில் அடைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதை இறக்கும்போது, அழுகிப்போன பகுதிக்குச் செலவான டீசலும் சேர்ந்தே குப்பைக்குப் போகிறது. இதைத் தடுக்கவே 2011 இறுதியில் பிளாஸ்ரிக் பெட்டிகளைக் கட்டாயமாக்கினார்கள். ஆய்வு சரியானது. ஆனால் பெட்டியின் விலையை யார் கொடுப்பது, வெறும் பெட்டி திரும்பி வருவதற்கு யார் கூலி கொடுப்பது, பெட்டியில் ஏற்றினால் லொறியில் கொள்ளும் பாரம் குறைகிறதே, அந்த நட்டம் யாருடையது என்று முன்கூட்டி ஒருவரும் விவசாயியையோ வியாபாரியையோ கேட்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பியது; சட்டம் தளர்ந்தது; சாக்குகள் மீண்டும் லொறியேறின. ஆய்வை ஒதுக்கிவைப்பது ஒருவகைத் தவறு. அதன் ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுத்துப் பொலிசாரிடம் கொடுப்பது இன்னொரு வகை.

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. வாகனத் தீர்வை திறைசேரிக்கு இனிக்கும் வருமானம் என்பதை நாம் அறிவோம். அத்தீர்வையில் ஒரு பங்கையாவது கிராமத்துப் பஸ்ஸுக்கும் புகையிரதப் பொருட்பெட்டிக்கும் ஒதுக்குமாறு எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவுசெலவு விவாதத்திலே கேட்க வேண்டும். கேட்பதற்குக் கையிலே கணக்கு வேண்டும். யாழ்ப்பாணச் சர்வகலாசாலையின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் அருகருகே இருக்கின்றன. புகையிரதப் பாதை அவ்வூரினூடாகவே செல்கிறது. ஏ-9 வீதியில் தெற்கே போகும் லொறிகளில் என்ன இருக்கிறது, திரும்பும்போது எத்தனை லொறிகள் வெறுமையாய் வருகின்றன, காலை ஏழு மணிப் பஸ்ஸில் எத்தனை பேர், பத்து மணிப் பஸ்ஸில் எத்தனை பேர் என்பதை மாணவர்கள் எண்ணட்டும். மாகாண நிருவாகம் அதற்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கட்டும். ஓர் அறுவடைக் காலம் முழுவதும் எண்ணினாற் போதும்; அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்குள் அந்த எண்கள் எமது உறுப்பினர்களின் கையில் இருக்கும்.