கிரேக்கத் தீவும் ஒரகடம் கேண்டீனும்: ஒரு நீண்ட இழை

1/ "கிரேக்கத் தீவுல 90 வயசுலயும் மலை ஏறுறாங்க, அவங்க என்ன சாப்பிடுறாங்கன்னு பாருங்க"ன்னு ஒரு வீடியோ எல்லா குடும்ப குரூப்லயும் சுத்துது. அடுத்து எங்ககிட்ட கேள்வி வரும்: "டாக்டர், ஆலிவ் ஆயில் வாங்கலாமா?" ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் அரசு மருத்துவமனையில வேலை பாக்குற டாக்டரா என் பதிலை எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ முதல்ல தீவு. 1950-களின் கடைசியில ஆன்சல் கீஸ் தலைமையில ஆரம்பிச்ச 'ஏழு நாடுகள் ஆய்வு'ல, கிரீட் தீவு ஆண்கள் மாரடைப்புல இறக்குறது ரொம்பக் குறைவுன்னு தெரிஞ்சது. 'மத்திய தரைக்கடல் உணவு'ங்கிற பேரு உலகம் முழுக்கப் பரவ அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். 2010-ல யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியல்லயும் அது சேர்ந்துச்சு.

3/ அவங்க தட்டுல என்ன இருந்துச்சு? பார்லி ரஸ்க், பயறு, மலையில பறிச்ச கீரை, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் மீன். கறி எப்பவாவதுதான். இனிப்புக்கு பாஸ்தெலி: எள்ளையும் தேனையும் காய்ச்சி இறுக்கின துண்டு. நம்ம எள்ளுருண்டைக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு வெச்சுக்கலாம்.

4/ வீடியோவுல சொல்லாத பாதி இது. அந்த ஆண்கள்ல பெரும்பாலானவங்க நாள் முழுக்க நிலத்துல உழைச்ச விவசாயிங்க. கறி வாங்க வசதி குறைவு. சர்ச் சொன்ன விரத நாட்கள் நிறைய. இன்னிக்கு அதே கிரீஸ், ஐரோப்பாவுல குழந்தைகளுக்கு உடல்பருமன் அதிகமா இருக்கிற நாடுகள்ல ஒண்ணு. ஆலிவ் மரம் அங்கேயேதான் நிக்குது. வேலையும், நேரமும், சமைக்கிற விதமும் மாறிப்போச்சு.

5/ இதை மனசுல வெச்சுக்கிட்டு நம்ம ஊருக்கு வாங்க. காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கத்தை ஏரி மாவட்டம்னு சொல்வாங்க. ஏரிப் பாசனத்துல நெல், மேட்டு நிலத்துல கேழ்வரகு, வேர்க்கடலை, எள். ஏரியில விரால், கெண்டை, கெளுத்தி. வேலியில முருங்கை. இந்த மண்ணுல விளைஞ்சதுதான் இங்க சமையலாச்சு.

6/ கூழை எடுத்துக்கோங்க. கேழ்வரகு மாவை ராத்திரியே கரைச்சுப் புளிக்க வைக்கணும். மறுநாள் நொய்யை வேகவெச்சு, மாவை ஊத்திக் கிண்டி, ஆறவெச்சு, மோர் விட்டுக் கரைச்சு, சின்ன வெங்காயத்தோட குடிக்கணும். தொட்டுக்க கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். 100 கிராம் கேழ்வரகுல சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. கூடவே கீரை, கருவாட்டுப் புரதம். யாரும் டயட் சார்ட் போட்டுக் கொடுக்கல.

7/ அடுத்தது காஞ்சிபுரம் கோயில் இட்லி. வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதம். அரிசி, உளுந்து மாவுல மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை விரிச்ச மூங்கில் குடலையில ஊத்தி மணிக்கணக்கா ஆவியில வேகவைப்பாங்க. ஒரு குடலை இட்லியை வெட்டிப் பல பேருக்குக் கொடுக்கலாம்.

8/ இனிப்புக்கு வருவோம். தீபாவளி நோன்புக்கு அதிரசம். கார்த்திகை தீபத்துக்குப் பொரி உருண்டை. பிள்ளையார் சதுர்த்திக்குப் பூரணக் கொழுக்கட்டை. தை பொறந்தா சர்க்கரைப் பொங்கல். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள் இருந்துச்சு. அந்த நாள் போனா அடுத்த வருஷம்தான்.

9/ இப்ப ஒரு கணக்கு. ஷிஃப்ட்ல ஒரு நாளைக்கு 4 டீ. டீக்கு 2 ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு 5 கிராம். நாளைக்கு 40 கிராம், மாசத்துக்கு 1.2 கிலோ. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு சுமார் 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு சொல்லுது. தீபாவளிக்கு ரெண்டு அதிரசம் சாப்பிடுறதுக்கு யோசிக்கிறோம். இந்த 1.2 கிலோவை யாரும் இனிப்புன்னே கணக்குல சேர்க்கிறதில்ல.

10/ உடனே "பாரம்பரிய உணவு எல்லா நோயையும் போக்கும்"னு ஃபார்வர்டு பண்ணிடாதீங்க. வெல்லமும் சர்க்கரைதான். கேழ்வரகை நைசா அரைச்சுக் கஞ்சியா குடிச்சா ரத்தத்துல சர்க்கரை வேகமாவே ஏறும். சுகர் இருக்கிறவங்க அளவு பாத்துத்தான் குடிக்கணும். கருவாட்டுல உப்பு அதிகம், பிபி இருக்கிறவங்க கவனம். எந்தப் பலகாரமும் மாத்திரைக்குப் பதில் ஆகாது.

11/ அப்போ பிரச்சினை எங்க? 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் ஓட ஆரம்பிச்சது. 2010-ல ஒரகடத்துல ரெனோ–நிசான். நடுவுல செல்போன், டயர், கண்ணாடி, உதிரிபாகம்னு வரிசையா வந்துச்சு. வேலை வந்துச்சு, சம்பளம் வந்துச்சு, பெண்கள் கையில அவங்க பணம் வந்துச்சு. அது நல்லது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

12/ ஆனா சமையல் நேரம் மூணு ஷிஃப்டாப் பிரிஞ்சுபோச்சு. ஒரு ரூம்ல ஆறு பேர், அடுப்பு வைக்க அனுமதி இல்ல. நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற பொண்ணு பன்னும் டீயும் சாப்பிட்டுத் தூங்குது. சாயங்காலம் எழுந்தா பரோட்டா, இல்லேன்னா பாக்கெட் நூடுல்ஸ். மாவு கரைச்சுப் புளிக்க வைக்க அந்தப் பொண்ணுக்கு ஏது ராத்திரி?

13/ ஓபியில தினமும் பாக்குறது இதுதான். இருபது, இருபத்திரண்டு வயசு. "தலை சுத்துது, நெஞ்செரிச்சல், சாப்பாடு இறங்கல." ரத்தம் எடுத்துப் பாத்தா ஹீமோகுளோபின் குறைவு. தமிழ்நாட்டுல 15–49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு தேசிய குடும்பநல ஆய்வு (2019–21) சொல்லுது. சர்க்கரை நோய் 14.4 சதவீதம்னு 2023-ல வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்லுது. நீண்ட கால நைட் ஷிஃப்ட் சர்க்கரை நோய் வாய்ப்பைக் கூட்டும்ங்கிறதும் பல ஆய்வுகள்ல வந்த விஷயம்.

14/ இப்படிப்பட்ட ஒருத்தர்கிட்ட "வீட்டுச் சாப்பாடு சாப்பிடும்மா, கீரை சேர்த்துக்கோ"ன்னு சீட்டுல எழுதிக் கொடுத்தா அது வைத்தியம் ஆகாது. அந்தப் பொண்ணோட வீடு திருவண்ணாமலையிலயோ ஒடிசாவுலயோ இருக்கு.

15/ ஒடிசான்னதும் ஞாபகம் வருது. நம்ம பழைய சோத்தை அவங்க பக்காளன்னு சொல்றாங்க. அதுக்குன்னு மார்ச் 20-ஐ ஒரு நாளாவே கொண்டாடுறாங்க. பீகார் பசங்களுக்கு சத்து, அதாவது வறுத்த கடலையை அரைச்ச மாவு. தண்ணியில கரைச்சு, வெங்காயம், எலுமிச்சை போட்டுக் குடிச்சுட்டு வேலைக்குப் போவாங்க. தீவுவாசிகளைத் தேடி கிரீஸ் வரைக்கும் போக வேணாம். பக்கத்து ரூம்லயே உழைக்கிறவங்க சாப்பாடு இருக்கு.

16/ "ஆயிரக்கணக்கான பேருக்கு சமைக்கும்போது ருசியும் சத்தும் பாக்க முடியுமா?"ன்னு கேப்பாங்க. முடியும்னு காட்டினதே நம்ம மரபுதான். கோயில் மடப்பள்ளி மொத்தமாத்தான் சமைக்குது. ஆடி மாசம் அம்மன் கோயில்ல ஊரே சேர்ந்து அண்டா அண்டாவா கூழ் காய்ச்சுது. ரமலான்ல பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியும் அப்படித்தான். 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்ச முதலமைச்சர் காலை உணவுத் திட்டத்துல பொங்கல், கிச்சடி, காய்கறி சாம்பார் எல்லாம் பள்ளிப் பிள்ளைங்களுக்குப் போகுது. பிள்ளைங்களுக்கு முடிஞ்சது அக்காங்களுக்கு முடியாதா?

17/ அலட்சியம் பண்ணா என்ன ஆகும்னும் பாத்துட்டோம். 2021 டிசம்பர்ல, பூந்தமல்லி பக்கம் ஒரு விடுதியில உணவு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில உக்காந்தாங்க. ஆலை மூணு வாரத்துக்கு மேல மூடிக் கிடந்துச்சு. ஒரு வேளை சாப்பாட்டோட விலை என்னன்னு அன்னிக்கு எல்லாருக்கும் தெரிஞ்சது.

18/ அதுக்கப்புறம் நல்லதும் நடந்துச்சு. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குற விடுதி திறந்தாங்க. கட்டடம் வந்தாச்சு. தட்டுல என்ன விழுதுங்கிறதையும் அதே அக்கறையோட பாக்கணும்ங்கிறதுதான் என் கோரிக்கை.

19/ இது புதுசா கேக்குறது இல்ல. 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம், 46-வது பிரிவு: 250 பேருக்கு மேல வேலை செய்யும் ஆலைகள்ல கேண்டீன் வைக்கச் சொல்லி மாநில அரசு விதி போடலாம்னு அதுல இருந்துச்சு. கேண்டீன் நிர்வாகக் குழுவுல தொழிலாளர் பிரதிநிதித்துவமும் அதுல இருந்துச்சு. 1948-லயே சாப்பிடுறவங்களுக்கு ஒரு குரல் வேணும்னு யோசிச்சிருக்காங்க.

20/ அதனால நான் கேக்குறது மூணு.
அ) கேண்டீன் ஒப்பந்தத்தை "தட்டுக்கு யார் குறைவா கேக்குறாங்க"ன்னு மட்டும் பாத்துக் கொடுக்காதீங்க. பயறு, கீரை, முட்டை அளவை ஒப்பந்தத்துலயே எழுதுங்க.
ஆ) வாரம் ரெண்டு நாள் கேழ்வரகுக் கூழோ களியோ, கடலை உருண்டையோ எள்ளுருண்டையோ வைங்க. நைட் ஷிஃப்டுக்கும் அதே தரத்துல சூடா கொடுங்க.
இ) மெனு போடுற குழுவுல நைட் ஷிஃப்ட் பெண்கள் ரெண்டு பேராவது இருக்கட்டும்.

21/ "கூழ் வெச்சா யாரும் தொட மாட்டாங்க, பிரியாணிதான் கேப்பாங்க"ன்னு சொல்றவங்களுக்கு: பிரியாணியும் இருக்கட்டும், அதுவும் நம்ம சாப்பாடுதான். ஆனா ஆறிப்போன, தண்ணியான கூழை வெச்சுட்டு "பிடிக்கல"ன்னு முடிவு பண்ணாதீங்க. மோரும் மோர்மிளகாயும் சேர்த்து ஒரு மாசம் ஒழுங்கா கொடுத்துப் பாருங்க.

22/ அதுவரைக்கும் விடுதியில இருக்கிற தம்பி, தங்கச்சிங்களுக்கு, அடுப்பு இல்லாம முடியுறது மட்டும் சொல்றேன். சாப்பாட்டோட டீ வேணாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. இரும்புச்சத்து உடம்புல சேர்றதை டீ தடுக்கும். எலுமிச்சை, நெல்லிக்காய் அதைக் கூட்டும். சத்து மாவைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கலாம். பையில பிஸ்கட்டுக்குப் பதிலா வறுத்த வேர்க்கடலை வைங்க. டீயில சர்க்கரையை ஒரு ஸ்பூன் குறைங்க. தலைசுத்தல் தொடர்ந்தா அரசு மருத்துவமனைக்கு வாங்க. ரத்தப் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம்.

23/ கடைசியா, ஆலிவ் ஆயில் கேள்விக்குப் பதில்: வசதி இருந்தா வாங்குங்க, கெடுதல் இல்ல. நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் அளவா போதும். உங்க கம்பெனியில கேண்டீன் குழு இருக்கா, அதுல யார் இருக்காங்கன்னு நாளைக்கு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. ஹெச்.ஆர்.ல வேலை பாக்குற நண்பர் இருந்தா இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க.